பவளமல்லி: சென்னையில் வளர்ப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பவளமல்லியைப் பற்றிக் கேள்விகள் பெரும்பாலும் இரண்டு பருவங்களில் வருகின்றன. ஏப்ரல், மே மாதங்களில் "மரம் பட்டுப்போச்சா?" என்று, டிசம்பரில் "மழைக்கு அப்புறம் இலையெல்லாம் மஞ்சளாயிடுச்சு" என்று. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான். பெயரில் மல்லி இருப்பதால் இதை மல்லிகைச் செடி மாதிரி வளர்க்கிறோம். ஆனால் இது காய்ந்த மலைச்சரிவில் வளர்கிற காட்டு மரம். கீழே இது திரும்பத் திரும்ப வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பவளமல்லி மல்லிகை இனமா, இல்லையா?

ஒரே குடும்பம், வேறு பேரினம். மல்லிகை, முல்லை, பிச்சி எல்லாம் ஜாஸ்மினம் பேரினம். பவளமல்லி நிக்டாந்தஸ் என்ற தனிப் பேரினம். முழுப்பெயர் நிக்டாந்தஸ் ஆர்பர்-டிரிஸ்டிஸ். இரண்டும் ஒலியேசி எனப்படும் ஆலிவ் குடும்பத்தில் அடங்கும். நிக்டாந்தஸில் இருப்பவை மொத்தம் இரண்டே இனங்கள். இன்னொன்று தாய்லாந்துக் காடுகளில் இருக்கிறது.

இந்த மரத்தை எங்கே வைப்பது என்று தாவரவியலாளர்கள் நீண்ட காலம் தடுமாறினார்கள். இளங்கிளையை விரலில் உருட்டிப் பாருங்கள், நான்கு பட்டையாகச் சதுரமாக இருக்கும். இலை உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பு. இதையெல்லாம் பார்த்து, தேக்கும் நொச்சியும் அப்போது இருந்த வெர்பினேசி குடும்பத்தில் சிலர் சேர்த்தார்கள். அதற்கென்றே தனிக் குடும்பம் கேட்டவர்களும் உண்டு. மரபணு ஆய்வு வந்தபின் ஆலிவ் குடும்பம் என்று முடிவானது.

அப்படியானால் ஆலிவ் மாதிரி காய்க்குமா?

காய்க்காது. பவளமல்லிக் காய் தட்டையாக, கிட்டத்தட்ட இதய வடிவில், 2 செ.மீ. அகலத்தில் இருக்கும். முற்றினால் பழுப்பாகிக் காய்ந்து இரண்டாகப் பிளக்கும். பாதிக்கு ஒரு விதை. தின்ன ஒன்றும் இல்லை.

நிஜ ஆலிவை மாடியில் வளர்க்க முடியுமா என்றும் கேட்கிறார்கள். செடி வளரும், இலை அழகாக இருக்கும், காய்க்கு ஆசைப்படாதீர்கள். பூமொட்டு வைக்க அதற்குக் குளிர்காலம் வேண்டும். மார்கழியில் நாம் ஸ்வெட்டர் போடுகிற குளிரெல்லாம் அதற்குக் கணக்கில் வராது. ராஜஸ்தானில் இஸ்ரேல் தொழில்நுட்பத்தோடு ஆலிவ் பயிரிட்டது அங்கே குளிர்கால இரவுகள் நிஜமாகவே குளிர்வதால்தான்.

ஆலிவ் பேரினத்திலேயே நம் ஊர் மரம் ஒன்று உண்டு: மேற்குத் தொடர்ச்சி மலையின் இடலை, ஒலியா டையோயிகா. ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனி மரங்களில் பூக்கும். பழம் சின்னது, பறவைகளுக்குப் பிடிக்கும். அது ஈரக் காட்டு மரம், சென்னைக்கு நான் சொல்ல மாட்டேன். 'சிலோன் ஆலிவ்' என்று நர்சரியில் யாராவது விற்றால் அது உருத்திராட்ச மரத்தின் சொந்தம். ஆலிவுக்கும் அதற்கும் உறவில்லை.

பவளமல்லியின் சொந்த ஊர் எது?

இமயமலை அடிவாரம், நேபாளம், மத்திய இந்தியாவின் இலையுதிர் காடுகள், சோட்டா நாகபுரி, தெற்கே கோதாவரி வரை. அங்கே பாறைச் சரிவுகளில் புதராகவோ சிறு மரமாகவோ கூட்டமாக நிற்கும். பெரும்பாலும் 10 மீட்டருக்குள் அடங்கிவிடும். அந்தப் பக்கத்து மக்கள் இளங்கிளையில் கூடை பின்னுவார்கள். சொரசொரப்பான இலையால் மரச்சாமானைத் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். வங்காளத்தில் இது ஷியூலி. மேற்கு வங்கத்தின் மாநில மலர். துர்கா பூஜையும் இந்தப் பூவும் அவர்களுக்கு ஒன்றோடொன்று ஒட்டியவை. தி. நகரில் பவளமல்லி நிற்கிற வீட்டின் எதிரே ஒரு வங்காளிக் குடும்பம் குடிவந்தால் செப்டம்பரில் உங்களுக்குப் புது நண்பர்கள் கிடைப்பார்கள்.

நம்மிடமும் இது நேற்று வந்த மரம் இல்லை. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் வரும் மலர்ப் பட்டியலில் 'சேடல்' என்று ஒரு பூ உண்டு. நச்சினார்க்கினியர் அதைப் பவழக்கால் மல்லிகை என்றே உரை எழுதியிருக்கிறார்.

இங்கே கவனிக்க வேண்டியது மழைக்கணக்கு. சொந்த ஊரில் ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை. மரம் அதைக் குடித்துத் தழைத்து, வானம் தெளிகிற புரட்டாசி, ஐப்பசியில் பூக்கிறது. பிறகு நீண்ட வறட்சி, இலையுதிர்ப்பு. சென்னையில் கதை தலைகீழ். ஆண்டுக்குச் சுமார் 1400 மி.மீ. மழை, அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டித் தீர்க்கிறது. அதாவது மரம் பூத்து ஓய்வுக்குத் தயாராகும் நேரத்தில் வேரைச் சுற்றித் தண்ணீர் நிற்கிறது. நம் ஊரில் பவளமல்லிக்கு வரும் தொல்லைகளில் பாதி இங்கே தொடங்குவதுதான் என்பது என் கணிப்பு.

மரமல்லியும் பவளமல்லியும் ஒன்றா?

இல்லை. இரண்டும் வெள்ளைப் பூ, இரண்டும் வாசனை, இரண்டும் விடியலில் தரையில் கிடக்கும், குழப்பம் நியாயம்தான். மரமல்லி நெடுநெடுவென்று மூன்று மாடி தாண்டி வளரும். அதன் பூவுக்கு விரல் நீளக் குழல், அதுவும் வெள்ளை. பவளமல்லியின் குழல் சின்னது, ஆரஞ்சு நிறம். மேலே 5 முதல் 8 இதழ்கள், காற்றாடி மாதிரி லேசாகத் திரும்பியிருக்கும். மரமல்லி பர்மா பக்கத்திலிருந்து வந்த வேறு குடும்பத்து மரம், கிளைகள் எளிதில் முறியும். வீட்டு வாசலில் நடுவதானால் பவளமல்லிதான் என் கட்சி.

பாரிஜாதம் என்பது இதுதானா?

தமிழ்நாட்டில் பெரும்பாலோர் இதைத்தான் சொல்கிறார்கள். பாற்கடலில் பிறந்து இந்திரன் தோட்டத்தில் நின்ற மரத்தைக் கண்ணன் சத்தியபாமாவுக்காகக் கொண்டுவந்தான், நட்டது பாமா வீட்டில், பூ விழுந்தது ருக்மிணி வீட்டில் என்ற கதை எல்லோருக்கும் தெரியும். மதில் பக்கம் பவளமல்லி வைத்தவர்களுக்கு அந்தக் கதையின் உண்மை நன்றாகவே புரியும். சீர்காழியிலும், மன்னார்குடி பக்கம் திருக்களரிலும் இதுவே தல விருட்சம்; திருக்களர் சுவாமிக்குப் பெயரே பாரிஜாதவனேசுவரர்.

உத்தரப்பிரதேசத்தில் பாராபங்கி மாவட்டம் கிந்தூரில் 'பாரிஜாத்' என்று வழிபடுகிற மரமோ ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பாவோபாப், நம்மூரில் ஆனைப்புளி என்பது. எனவே புராண மரம் எது என்று சண்டை போடுவதில் பயனில்லை.

ஏன் இரவில் பூத்துக் காலையில் உதிர்கிறது?

மொட்டு அந்தி சாயும்போது விரியத் தொடங்கி, இரவு எட்டு, ஒன்பது மணிக்குத் தெரு முழுக்க வாசனை பரவும். வெள்ளை நிறம், கனத்த மணம், இரவு நேரம் மூன்றும் சேர்ந்தால் அது பொதுவாக அந்துப்பூச்சிகளுக்கான அழைப்பு. இருட்டில் சிவப்பும் ஊதாவும் தெரியாது, வெள்ளை தெரியும். விடிந்தால் அந்த வேலை முடிந்தது. குழலின் அடியில் ஓர் அடுக்கு செல்கள் பிடி விட, இதழும் குழலும் ஒட்டுமொத்தமாகக் கழன்று விழும். சூலகம் மட்டும் கிளையிலேயே தங்கிக் காயாகும். அதனால்தான் கீழே கிடக்கிற பூ வாடாமல், முழுசாக, பெரும்பாலும் காம்பு மேலே பார்த்தபடி கிடக்கிறது.

கோவாவில் மருத்துவராக இருந்த போர்த்துகீசியர் கார்சியா த ஓர்தா 1563இல் அச்சான தன் நூலில் இதற்கு ஒரு கதை சொல்கிறார். ஒரு பெரிய பிரபுவின் மகள் சூரியன் மேல் காதல் கொண்டாள், அவன் கைவிட்டான், உயிரை விட்டாள், அவள் சாம்பலில் முளைத்த மரம் சூரியன் முகத்தில் விழிக்க மறுக்கிறது. ஐரோப்பியர்களுக்கு இந்த மரம் 'சோக மரம்' ஆனது இப்படித்தான். 1753இல் லின்னேயஸும் அறிவியல் பெயரில் அதையே வைத்துவிட்டார். நமக்கு இது சோகமாகப்படவே இல்லை, காலையில் கூடை எடுத்துக்கொண்டு போகிறோம்.

சென்னையில் எந்த இடத்தில் நடலாம்?

தண்ணீர் வடிகிற இடத்தில். வேறு எதையும் நான் இவ்வளவு வற்புறுத்த மாட்டேன்.

பல்லாவரம், தாம்பரம் பக்கத்துச் சரளை மண் இதற்கு நன்றாகவே ஒத்துப்போகும். குழி தோண்டுபவருக்குத்தான் கஷ்டம். பெசன்ட் நகர், திருவான்மியூர், கிழக்குக் கடற்கரைச் சாலையோர மணலில் வடிகால் பிரச்சினை இல்லை, சத்துதான் இல்லை. குழியில் பாதிக்குச் செம்மண்ணும் மக்கிய எருவும் போடுங்கள். அங்கே இன்னொரு தொல்லை உப்பு. போர் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கிறது என்றால் அதை ஊற்றாதீர்கள். இலை ஓரம் தீய்ந்துபோகும். கடலைப் பார்த்த பக்கம் நடாமல் வீட்டின் மறைவில் நட்டால் உப்புக்காற்றும் குறையும்.

வேளச்சேரி, மடிப்பாக்கம், பள்ளிக்கரணையை ஒட்டிய பகுதிகள், களிமண் மிகுந்த மேற்குப் பகுதிகள்: இங்கெல்லாம் குழியில் நடாமல் மேட்டில் நடுங்கள். இரண்டு அடி உயரத்துக்குச் செங்கல் சுற்றுக்கட்டி, உள்ளே உடைந்த ஓடு, சரளை, அதன் மேல் செம்மண் கலவை. 2015 டிசம்பர் மாதிரி தெருவே மூழ்கினால் எதுவும் காப்பாற்றாது. சாதாரண ஐப்பசி மழைக்கு இது போதும்.

வெயில்? அரை நாள் வெயில் கிடைத்தாலே பூக்கும், முழு நாள் கிடைத்தால் இன்னும் நன்றாக. இரண்டு அடுக்குமாடிக் கட்டடங்களுக்கு நடுவே நான்கடி சந்தில் வைத்துவிட்டுப் பூக்கவில்லை என்று வருந்துபவர்கள் ஏராளம். அந்தச் சந்தில் மரம் வெளிச்சத்தைத் தேடி உயர்ந்துபோகும். பூ மூன்றாம் மாடிக்காரருக்கு.

மாடியில் தொட்டியில் வருமா?

வரும். பெரிய டிரம்மைப் பாதியாக வெட்டியது நல்லது. அடியில் தாராளமாக ஓட்டை. இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை வேரைக் கொஞ்சம் கழித்துப் புது மண் போடுங்கள். பூ தரையில் நிற்கிற மரத்தின் அளவுக்கு இருக்காது.

விதையா, குச்சியா?

இரண்டும் முளைக்கும். காய் பழுப்பான புதிதில் எடுத்து, பிளந்து, விதையை உடனே போட வேண்டும். பழைய விதையை நம்பி நேரத்தைக் கடத்தாதீர்கள். குச்சியானால் பென்சில் கனத்தில், பாதி முற்றியது. ஆடி, ஆவணியில் லேசாக மழை விழும்போது நடுவது சுலபம். தாய்மரத்தின் கீழே தானாக முளைத்த கன்று இருந்தால் அதைவிட நல்லது வேறில்லை. நர்சரியில் வாங்கினால் இலையைத் தடவிப் பாருங்கள், சொரசொரப்பு இல்லையென்றால் அது பவளமல்லி இல்லை.

கோடையில் இலையெல்லாம் கொட்டிவிட்டது. செத்துவிட்டதா?

நகத்தால் பட்டையைக் கீறுங்கள். உள்ளே பச்சை தெரிந்தால் தூங்குகிறது. இலையுதிர் காட்டு மரம் கோடையில் இலையைக் கொட்டுவது அதன் இயல்பு. இந்த நேரத்தில் பயந்துபோய்க் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றுவது, யூரியா போடுவது, அதைத்தான் நிறுத்த வேண்டும். வேரூன்றிய மரத்துக்கு வாரம் ஒரு முறை ஆழமாக ஊற்றினால் போதும். நட்டு ஓர் ஆண்டு ஆகாத கன்றுக்கு மட்டும் கூடுதல் கவனம் தேவை. ஜூனில் இரண்டு மாலை இடிமழை பெய்தால் துளிர் வந்துவிடும்.

மழைக்குப் பின் இலை மஞ்சளாகித் தொங்குகிறது.

வேர் மூச்சு முட்டுகிறது. அடிமரத்தைச் சுற்றி மண் குவித்திருந்தால் விலக்குங்கள், தண்ணீர் ஓட ஒரு வாய்க்கால் வெட்டுங்கள், மண் காயும்வரை உரம் எதுவும் வேண்டாம். அடிப்பட்டை மெத்தென்று அழுகி நாற்றம் வந்தால் மரம் பிழைப்பது கடினம். உடனே நல்ல கிளையில் குச்சி எடுத்து வேறு இடத்தில் நட்டுவிடுங்கள்.

மூன்று ஆண்டாகியும் பூக்கவில்லை, ஏன்?

முதலில் வெயில் போதுமா என்று பாருங்கள். அடுத்தது உரம்: சாணமும் யூரியாவும் மிஞ்சினால் இலைதான் வரும். மூன்றாவது, வெட்டுகிற நேரம். பூ வருவது புதுக் கிளைகளின் நுனியில். ஆகஸ்டில் அழகுக்காக வெட்டினால் அந்த ஆண்டுப் பூவைத்தான் வெட்டுகிறீர்கள். தை, மாசியில் வெட்டுங்கள், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நாம் கை நீட்டிப் பறிக்கிற உயரத்திலேயே மரத்தை வைத்துக்கொள்ளவும் அது உதவும்.

கம்பளிப்பூச்சிக்கு என்ன செய்வது?

உண்மையைச் சொன்னால், இந்த மரத்தை வெட்டச் சொல்லி அக்கம்பக்கத்தில் வருகிற புகாரில் முதலிடம் இதற்குத்தான். மழைக்காலத்தில் பகலில் அடிமரத்தில் கூட்டமாக ஒட்டிக்கிடக்கும், இரவில் ஏறி இலையைத் தின்னும். பகலில் ஒரே இடத்தில் கிடப்பது நமக்கு வசதி: நீளக் குச்சியால் சோப்புத் தண்ணீர் வாளியில் தட்டிவிடுங்கள். வெறும் கை வேண்டாம். ரோமம் பட்டால் தடிப்பும் அரிப்பும் வரும். பட்ட இடத்தைத் தேய்க்காமல் செல்லோடேப்பை ஒட்டி எடுத்தால் ரோமம் கொஞ்சம் வந்துவிடும், பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்கள். கண்ணில் பட்டால் மருத்துவரிடம் போங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் சின்னப் புழுக்களுக்குப் பலன் தரும், கொழுத்தவற்றுக்கு அவ்வளவாக இல்லை. மண்ணெண்ணெய்ப் பந்தம் காட்டுகிற பழைய வழக்கம் பட்டையையும் சேர்த்துக் கருக்கும்.

வாசனைக்குப் பாம்பு வருமா?

வராது. பாம்பு வருவது எலிக்கும் தவளைக்கும். மரத்தடியில் செங்கல், தேங்காய் மட்டை, பழைய தொட்டி என்று குவித்து வைத்தால் எந்த மரத்தடிக்கும் வரும். இருட்டில் பூப்பொறுக்கக் கையை விடுவதற்கு முன் டார்ச் அடியுங்கள், அவ்வளவுதான்.

இலைக் கஷாயம் மூட்டுவலிக்குக் கேட்குமா?

சித்தத்திலும் ஆயுர்வேதத்திலும் காய்ச்சல், மூட்டுவலி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி ஆகியவற்றுக்கு இந்த இலை நெடுங்காலமாகப் பயன்படுகிறது. இலையிலும் விதையிலும் இரிடாய்டு கிளைக்கோசைடுகள் என்ற கசப்புப் பொருள்கள் உண்டு. ஆய்வகத்தில் விலங்குகளிடம் வீக்கத்தைக் குறைப்பதாகப் பார்த்திருக்கிறார்கள். அதை வைத்து வாட்ஸ்ஆப்பில் வருகிற "ஏழே நாளில் முழங்கால் வலி காணாமல் போகும்" வரைக்கும் போகக் கூடாது. 2006இல் சிக்கன்குனியா வந்துபோன பிறகு மூட்டுவலிக்கு யார் எந்த இலையைச் சொன்னாலும் அரைத்துக் குடிக்கிற ஊராகிவிட்டோம். சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், குழந்தைகள் விஷயத்தில் சொந்த வைத்தியம் கூடாது. தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது, அரும்பாக்கத்தில் அரசு இந்திய மருத்துவமனை இருக்கிறது. அங்கே கேட்டுவிட்டுக் குடியுங்கள். காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டினால் கஷாயத்தை வைத்துவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போங்கள்.

காம்பில் சாயம் எடுக்கலாமா?

எடுக்கலாம், விடுமுறையில் பிள்ளைகளோடு செய்து பார்க்க அருமையான வேலை. அந்த ஆரஞ்சுக் குழலில் இருப்பது குங்குமப்பூவுக்கு நிறம் தருகிற குரோசின் வகையைச் சேர்ந்த நிறமிதான். முன்பு பட்டுக்கும், பௌத்தத் துறவிகளின் ஆடைக்கும் இதில் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். பூக்களைச் சேர்த்துக் குழலை மட்டும் கிள்ளி நிழலில் காயவையுங்கள். இரண்டு கை நிறையச் சேர்ந்ததும் வெந்நீரில் கொதிக்கவிட்டு வடிகட்டினால் பொன் மஞ்சள். துணியைப் படிகாரத் தண்ணீரில் முன்பே நனைத்து வைத்தால் நிறம் கொஞ்சம் அதிக நாள் நிற்கும். வெயிலில் உலர்த்தினால் வெளுத்துவிடும், இந்தச் சாயத்துக்கு அந்தக் குறை உண்டு.

தரையில் விழுந்த பூவைப் பூஜைக்கு எடுக்கலாமா? கடையில் ஏன் கிடைப்பதில்லை?

மற்றப் பூக்களுக்குக் கூடாது என்பார்கள். பவளமல்லிக்கு மட்டும் விலக்கு. தானாக உதிர்வதை எடுப்பதே முறை. இரவு படுக்கும் முன் மரத்தடியில் பழைய வேட்டியை விரித்துவிட்டால் மண் படாமல் கிடைக்கும்.

கோயம்பேட்டில் இது வியாபாரப் பூ இல்லை. மல்லிகையை மொட்டாகப் பறித்து மதுரையிலிருந்து சென்னைக்கு அனுப்பி மாலையில் மலரவைக்கலாம். இது மலர்ந்து விழுந்த பூ. பத்து மணி வெயிலுக்குள் துவண்டுவிடும், தலையிலும் நிற்காது. அதனால் இந்தப் பூ வேண்டுமென்றால் மரம் வைத்திருக்க வேண்டும், அல்லது மரம் வைத்திருப்பவரோடு நல்லுறவு வேண்டும்.

புயலில் விழுமா? வேர் சுவரை உடைக்குமா?

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னை இழந்த மரங்களில் நம் கண்ணில் பட்டவை பெரும்பாலும் தூங்குமூஞ்சி, கொன்றை மாதிரிப் பெரியவை. பவளமல்லி தாழ்வாக, அடியிலிருந்தே பல கிளைகளாக நிற்பதால் காற்று பிடிக்கும் பரப்பு குறைவு. சதசதவென்று ஊறிய களிமண்ணில் நின்றால் சாயலாம். சாய்ந்ததை வெட்டிக் குறைத்து நிமிர்த்திக் கட்டினால் பெரும்பாலும் தழைத்துக்கொள்ளும். ஆல், அரசு மாதிரி சுவரைப் பிளக்கிற வேர் இதற்கு இல்லை. மதிலிலிருந்து ஐந்தடி தள்ளி, கழிவுநீர்த் தொட்டிக்கு எட்டாமல் நடுங்கள்.

கீழ்வீட்டுக்காரர் கார் மேல் பூ விழுகிறது என்கிறார்.

பூ பெயின்ட்டைக் கெடுக்காது, ஆனால் ஈரத்தில் ஒட்டிக் காய்ந்தால் காம்பின் மஞ்சள் கறை படியும். வெள்ளைக் கார் என்றால் அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கார் பக்கம் நீள்கிற கிளைகளை மட்டும் தை மாதத்தில் குறைத்துவிடுங்கள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை அவரைக் காருக்கு உறை போடச் சொல்லிக் கேளுங்கள், உறையை நீங்களே வாங்கிக் கொடுத்தால் பேச்சு சுலபமாக முடியும். புரட்டாசி சனிக்கிழமைகளில் ஒரு தட்டுப் பூவும் கொடுத்தனுப்புங்கள்.